இடமிருந்து ஏழாவது

அந்தப் படத்தை நம் ஒன்பதாம் வகுப்புக் குரூப்பில் போட்டவளை நான் குறை சொல்லவில்லை. பரணை ஒழித்தபோது கிடைத்தது என்று ஆசையாகத்தான் போட்டிருந்தாள். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மூலையைக் கரையான் தின்றிருக்கிறது. பன்னிரண்டு பெண்கள், நடுவில் கோப்பை, ஓரத்தில் பி.டி. டீச்சர். கீழே வெள்ளை மையில் வரிசையாகப் பெயர்கள். இடமிருந்து ஏழாவது பெயர் என்னுடையது. அதைப் பெரிதாக்கிப் பார்த்த இன்னொருத்தி கேட்டிருந்தாள்: "ஏ புள்ள, இதுல நீ எங்க இருக்க? உன் பேருக்கு நேரா வேற யாரோ நிக்கிறாப்ல இருக்கு. இல்ல, என் கண்ணுதான் போச்சா?"

பதினோரு நாளாக நான் பதில் போடவில்லை. படத்தில் இருப்பவர்களில் நான்கு பேர் இந்தக் குரூப்பிலேயே இருக்கிறீர்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நான் சங்கடப்படக் கூடாது என்றுதான் சும்மா இருந்திருப்பீர்கள். எனக்கு அலுத்துவிட்டது. இத்தனை வருஷம் மூடி வைத்தது போதும். நான் பி.டி. டீச்சராகி, விசில் ஊதி ஊதி ஓய்வு பெற்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வேலைக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எது என்பதைத்தான் இன்று எழுதப் போகிறேன். நீளமாகத்தான் போகும். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள், மற்றவர்கள் வழக்கம்போல் கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

கதை காதில் தொடங்குகிறது. என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அப்பா கூட்டிப்போன அன்று, என் அத்தை மகளும் அழுது அடம்பிடித்துக் கூடவே வந்தாள். எனக்கு ஐந்து முடிந்திருந்தது. அவளுக்கு நாலு. பிறந்த தேதியை எழுதி வைக்கிற வழக்கம் எங்கள் இரண்டு வீட்டிலும் கிடையாது. "மாரியம்மன் கோயில் பூச்சொரிதல் முடிஞ்ச மறுநா பொறந்தா" என்று அப்பா சொன்னதைத் தலைமையாசிரியரால் பதிவேட்டில் எழுத முடியவில்லை. அதனால் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதையே என்னிடமும் சொன்னார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு.

என் விரல் காதுக்கு ஓர் அங்குலம் முன்பே நின்றுவிட்டது. தலையை லேசாகச் சாய்த்துப் பார்த்தேன், அதட்டினார். பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அத்தை மகள் யாரும் கேட்காமலே கையைத் தூக்கினாள். காதைத் தொட்டது மட்டுமல்ல, மடலைப் பிடித்து இழுத்தும் காட்டினாள்.

"இந்தப் பிள்ளைக்கு அஞ்சு முடிஞ்சிருச்சு. சேத்துக்கலாம். இவளுக்கு இன்னும் ஆகல, அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்றார் தலைமையாசிரியர்.

"சார், இவதான் மூத்தவ. அவ எந்தங்கச்சி மக, ஒரு வருசம் எளையவ."

"நீங்க சொன்னா ஆச்சா? காது சொல்லுதுல்ல?"

அத்தோடு முடிந்தது. அவள் அந்த ஜூனில் சேர்ந்தாள். நான் அடுத்த ஜூனில் ஒருவழியாகக் காதைத் தொட்டுச் சேர்ந்தேன், அப்போதும் ஐந்து வயதுதான் என்று எழுதிக்கொண்டார்கள். நம்மில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்தானே, பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் அது. இப்படியாக என்னைவிட ஒரு வயது இளையவள் காகிதத்தில் என்னைவிட ஒரு வயது மூத்தவளாகிவிட்டாள். முறைப்படி அவள்தான் என்னை மதினி என்று கூப்பிட வேண்டும், கூப்பிடவும் செய்தாள். கோபம் வந்தால் மட்டும், "பேப்பர்படி நாந்தான்டி உனக்கு மதினி" என்பாள். அந்த நீளக் கையை நினைத்து எங்கள் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

ஆறாம் வகுப்பில் அவள் கணக்கில் ஃபெயிலாகிவிட்டாள். ஒரு வருஷம் உட்கார்ந்ததில் என் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். அப்படித்தான் ஒன்பதாம் வகுப்பில் நாம் எல்லாரும் ஒன்றாக இருந்தோம். அந்த வருஷம்தான் புதிதாக பி.டி. டீச்சர் வந்தார்.

அவரை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கேன்வாஸ் ஷூவுக்குச் சாக்பீஸ் தேய்த்து வெளுப்பாக்குவார். புடவைத் தலைப்பை இடுப்பைச் சுற்றிச் செருகிக்கொண்டு நம்மோடு சேர்ந்து ஓடுவார். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் நம் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை இன்னும் நீலமாகத்தான் இருக்கும். காற்று ஒரு பக்கமிருந்து வந்தால் புழுதி, இன்னொரு பக்கமிருந்து வந்தால் தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை. பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு சிறுமலை வாழைப்பழம் தருவார். அதை உரித்துத் தின்றுகொண்டே பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல வேண்டும். தப்பினால் மறுநாள் பழம் கிடையாது.

"பாடத்துல கோட்ட விட்டா கிரவுண்டுல கால் வைக்கக் கூடாது" என்பதுதான் அவருடைய சட்டம். மாதத் தேர்வு மதிப்பெண் பட்டியலை வாங்கி, விளையாட்டு அறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருந்தார். என் அத்தை மகளின் கணக்கு மார்க் அதில் சிவப்பு மையில் இருக்கும். அதற்கு டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "நீ இவளுக்குக் கணக்குச் சொல்லிக் குடு. இவ உனக்கு ஓடச் சொல்லிக் குடுப்பா. ரெண்டுல எது நடக்கலைன்னாலும் ரெண்டு பேருக்கும் அடி" என்றார். அவளுக்குக் கணக்கு வந்தது. எனக்கு ஓட்டம் வரவில்லை. ஆனாலும் கடைசி ஆளாக, பன்னிரண்டாவதாக, என்னையும் கோகோ அணியில் சேர்த்துக்கொண்டார். மாற்று ஆள் என்று பெயர். நான் ஆடவேண்டிய நிலை வந்தால் ஆட்டம் போச்சு என்று எல்லாருக்கும் தெரியும்.

பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேர் வரிசையாக, ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்தும் அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்தும் குந்தியிருப்பார்கள். ஒன்பதாவது ஆள் எதிர் அணிக்காரியைத் துரத்துவாள். களைத்தாலோ, எதிராளி வரிசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாலோ, குந்தியிருப்பவள் முதுகில் தட்டி "கோ" என்பாள். தட்டு வாங்கியவள் எழுந்து ஓட வேண்டும். தட்டியவள் அவள் இடத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். அத்தை மகள் துரத்தினால் மூன்று எட்டுக்கு முன்பே கை போய்ச் சேர்ந்துவிடும். ஓரத்துக் கம்பத்துக்குப் பக்கத்தில் பாய்ந்து, மண்ணில் மார்பு உராய, விரல் நுனியால் அவள் தொடுகிற அழகை நான் பிறகு எத்தனையோ அணிகளைப் பார்த்தும் பார்த்ததில்லை. முழங்கையில் எப்போதும் தோல் உரிந்திருக்கும்.

மாவட்டப் போட்டிக்கு ஒரு வாரம் இருந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அப்போது நாமெல்லாம் மதுரை மாவட்டம், போட்டியும் மதுரையில். பதினாலு வயதுக்கு உட்பட்டவர்கள்தான் ஆடலாம். டீச்சர் பெயர்ப் பட்டியலை எழுதிவிட்டுப் பிறந்த தேதி பார்க்கப் பதிவேட்டைத் திறந்தார். அத்தை மகளுக்குக் காகிதத்தில் பதினாலு முடிந்திருந்தது. நிஜத்தில் பதினாலு முடிந்தவள் நான், எனக்குக் காகிதத்தில் பதின்மூன்று. டீச்சர் தலைமையாசிரியையிடம் போனார். கோர்ட்டுக்குப் போனால்தான் தேதியை மாற்ற முடியும் என்று பதில் வந்தது. கையை நீட்டிக் காதைத் தொட்ட கதையை நாங்கள் சொன்னபோது டீச்சர் முதலில் சிரித்தார். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் எங்களை விளையாட்டு அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். 

"இவ இல்லாம நம்ம மொத ரவுண்டுகூடத் தாண்ட மாட்டோம். இவதான் ஆடுவா. உன் பேர்ல ஆடுவா" என்று என்னைப் பார்த்தார்.

"அப்ப நானு, டீச்சர்?"

"நீயும் வா. தண்ணிப் பானை இருக்கு, செருப்பு இருக்கு, பாத்துக்க ஆளு வேணும்ல?" என் முகம் போன போக்கைப் பார்த்து அவருடைய குரல் தணிந்தது. "இங்க பாருங்கடி. அடுத்த வருஷம் சீனியர்ல இவ சொந்தப் பேர்லயே ஆடட்டும். இந்த வருஷம் அவளுக்கு ஆட்டம், உனக்கு சர்டிபிகேட். நாளைக்கு நீ மேல படிக்க அது ஒதவும். ரெண்டு பேருக்கும் நல்லதுதான சொல்றேன்?"

எனக்குக் கண் கலங்கியது. அத்தை மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவாடை இரவல் கேட்பதுபோல் கேட்டாள்: "ஒரு வாரத்துக்குத்தான் மதினி. அழுக்காக்காமத் திருப்பித் தந்துர்றேன்."

பட்டியலில் அவள் பெயர் இருந்த இடத்துக்கு உங்களில் இன்னொருத்தி வந்தாள். அந்த ஒரு வாரம் அணியில் எல்லாரும் அவளை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். பழக வேண்டும் என்று டீச்சர் உத்தரவு. "ஏ, இங்க வா" என்று என் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நான் திரும்பக் கூடாது, அவள்தான் திரும்ப வேண்டும். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குப் பெயரே கிடையாது. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் எனக்கு அது சுட்டது.

மதுரையில் எல்லாம் கெட இருந்தது என்னால்தான். ஆட்டத்துக்கு முன் நடுவர் அட்டையைப் பார்த்துப் பெயர் வாசித்தார். என் பெயர் வந்ததும், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலிருந்து நான் பழக்கதோஷத்தில் "உள்ளேன் ஐயா" என்று கத்திவிட்டேன். நடுவர் திரும்பிப் பார்த்தார். வரிசையில் நின்ற அத்தை மகளும் அதே நேரத்தில் கையைத் தூக்கியிருந்தாள்.

"யாரும்மா நீ?" என்றார் என்னைப் பார்த்து.

டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அது அவ தங்கச்சி சார். அக்கா மேல ரொம்பப் பாசம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். காகிதத்திலும் நிஜத்திலும் இல்லாத ஓர் உறவு அங்கே புதிதாகப் பிறந்தது. நான் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தேன்.

ஜெயித்தோம். "தோம்" என்று எழுதலாமா என்று தெரியவில்லை. கடைசி ஆட்டத்தில் மட்டும் அவள் ஐந்து பேரைத் தொட்டு வெளியேற்றினாள். வெற்றி மேடையில் என் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தபோது அவள் நடந்துபோய்ச் சான்றிதழ் வாங்கினாள். பிறகு படம் எடுத்தார்கள். அணிச் சட்டை என் அளவுக்குத் தைத்தது, அவளுக்குத் தோளில் ஏறிப் பிடித்துக்கொண்டிருந்தது. படத்தை இன்னொரு முறை பாருங்கள். ஏழாவதாக நிற்பவளின் கைகள் சட்டையிலிருந்து புறப்பட்டு முழங்கால் வரைக்கும் தொங்கும். அது என் கையாக இருக்க முடியாது என்று என்னைப் பார்த்த யாரும் சொல்லிவிடலாம்.

பஸ்ஸில் திரும்பும்போது சான்றிதழை மடியில் விரித்துவைத்துக்கொண்டே வந்தாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் என்னிடம் நீட்டினாள். நீட்டியவள் பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

"மதினி, இன்னைக்கு ஒரு பொழுது வீட்ல வச்சிருந்துட்டுத் தாரேன். எங்கம்மாகிட்டக் காமிக்கணும்."

"அத்தைக்குப் படிக்கத் தெரியாதே?"

"அதான் காமிக்கப் போறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் கொண்டுவந்து கொடுத்தாள். வலது மேல் மூலையில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. சாமி படத்துக்கு முன்னால் வைத்து அத்தை பொட்டு வைத்து, தெருவில் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். மகள் பெயர்தான் அதில் இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். டீச்சர் திருப்பிக் கேட்கிறார் என்று பொய் சொல்லித்தான் வாங்கி வந்தாளாம். என் அப்பா அதை இரண்டு முறை படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஓடி அவர் எந்தக் காலத்திலும் பார்த்ததில்லை. "பத்திரமா வையி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அந்த வருஷக் கடைசியில் அத்தை மகள் வயதுக்கு வந்தாள். சடங்கு முடிந்தும் பள்ளிக்கூடம் வரவில்லை. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சர் அவள் வீட்டுக்குப் புறப்பட்டார். வழி காட்ட நான் போனேன்.

அத்தை முறுக்கும் காபியும் கொடுத்து உட்கார வைத்தாள். டீச்சர் நிதானமாகத்தான் பேசினார். கணக்கில் இப்போது ஐம்பதுக்கு மேல் வாங்குகிறாள், சீனியரில் ஆடினால் மாநிலத்துக்கே போவாள், விளையாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி இடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"டீச்சரம்மா, நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா இம்புட்டு நாளு மண்ணுல விழுந்து பொரண்டு எம்பொண்ணு என்னத்தக் கண்டா? ஒரு காயிதம் குடுத்தாங்க. அதையும் மறுநாளே நீங்க திருப்பி வாங்கிட்டீங்க. இவ அப்பாகிட்டக் காட்டி, படிக்க விடுங்கன்னு கேப்போம்னா, கையில என்ன இருக்கு?"

டீச்சர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அந்தக் காகிதம் என் வீட்டில், என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. "அத்தே, அது எங்கிட்டத்தான் இருக்கு, அது அவ ஜெயிச்சது" என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. டீச்சர் மாட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் சொன்னால் சான்றிதழ் கையை விட்டுப் போய்விடும் என்றும் நினைத்தேன். அத்தை மகள் கதவோரத்தில், புதுத் தாவணியில், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். 

திரும்பி வரும்போது டீச்சர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். எங்கள் தெரு முனையில் நின்று, "தப்புப் பண்ணிட்டனோ?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஒரு பெரிய மனுஷி பதினாலு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அவருக்கு அன்று இருபத்தாறு வயது இருந்தால் அதிகம். என் கடைசி மகளைவிடச் சின்னவர். அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆட்டத்தையும் காகிதத்தையும் இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் இரண்டு பேரும் பிழைத்துக்கொள்வார்கள் என்று நம்பிவிட்டார்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் பதினைந்து ஆகியிருந்ததால் வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லில் அவளைத் தடையில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். அறுந்த நூலை எட்டிப் பிடித்து முடிய நீளக் கை வசதியாம். காகிதத்தில் பதினெட்டு ஆனதும் கல்யாணம் முடித்தார்கள், நிஜத்தில் பதினேழு. எனக்கு அந்தச் சான்றிதழ் விளையாட்டு இடஒதுக்கீட்டில் பயிற்சிக் கல்லூரி வாங்கித் தந்தது. ஒவ்வொரு சரிபார்ப்பிலும் யாராவது ஒருவர், "என்னம்மா இது, மூலையில் கறை?" என்பார். "சாமி கும்பிட்டது சார்" என்பேன். பொய் இல்லை. 

ஓடத் தெரியாதவள் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடச் சொல்லிக் கொடுத்தேன். பாடத்தில் கோட்டை விட்டவர்களை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், பழம் கொடுத்தேன், வீடு வீடாகப் போய் அப்பன்மாரிடம் கெஞ்சினேன். எல்லாம் அவரிடம் படித்ததுதான். ஒன்றில் மட்டும் நான் கல். பிறந்த தேதி ஒரு நாள் தள்ளியிருந்தாலும் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன். அழுதாலும் ஏற்ற மாட்டேன். நேர்மையான டீச்சர் என்று பெயர். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருடைய தேதியை ஒரு காது முடிவு செய்ததோ, நான் ஒருநாளும் கேட்டதில்லை.

போன வியாழக்கிழமை அய்யலூர் போனேன். அத்தை மகள் இப்போது அங்கே பக்கத்தில்தான் இருக்கிறாள், ஏழெட்டு ஆடு வளர்க்கிறாள். அன்று சந்தை நாள். ஒரு கிடாவை விற்றுவிட்டு, கயிறு மட்டும் தோளில் தொங்க, புளியமரத்தடிக்கு வந்தாள். நல்லது கெட்டதில் பார்த்துக்கொள்வதுதான், தனியாக உட்கார்ந்து பேசி எத்தனையோ வருஷம் ஆகிறது. போனில் படத்தைக் காட்டினேன். கையைத் தூர நீட்டிவைத்துப் பார்த்தாள்.

"ஆத்தீ, நானா இது? கை எம்புட்டு நீளம் பாரேன்! கீழ என்ன மதினி எழுதியிருக்கு? கண்ணாடி எடுத்தாரல."

ஒவ்வொரு பெயராக வாசித்தேன். ஏழாவதில் நிறுத்தினேன். 

"குரூப்புல கேக்குறாங்க. இது நீதான்னு எழுதப் போறேன்" என்றேன்.

"எழுதி?"

"எழுதி ஒண்ணுமில்ல. எழுதணும்."

தோளில் கிடந்த கயிற்றை எடுத்துக் கையில் சுற்றினாள். "வேணாம் மதினி. எவனாச்சும் மேல எழுதிப் போட்டு ஒம் பென்சன நிறுத்திரப் போறான். இந்த வயசுல ஒனக்கு எதுக்கு அந்தப் பாடு? நான் பேரத் திருப்பித் தந்துட்டேன்ல? அழுக்கு மட்டும் லேசா ஆகிப்போச்சு. எங்கம்மா பண்ணுன வேல" என்று சிரித்தாள்.

பென்ஷன் விஷயம் அவள் சொல்லித்தான் எனக்குத் தோன்றியது என்று எழுத ஆசை. ஆனால் அந்தப் பதினோரு நாளில் முதல் நாளே எனக்குத் தோன்றிவிட்டது. அதற்காகத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் முகத்துக்கு நேரே அது எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. அழுதுவிட்டேன். அவள் சந்தைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் வருகிற நேரமானது. நான் உட்கார்ந்திருந்தது தாழ்வான கல், முழங்கால் பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. இரண்டு முறை முயன்றேன். அவள் எனக்குப் பின்னால் வந்தாள். முதுகில் பளீரென்று ஒரு தட்டு விழுந்தது.

"கோ!" என்றாள்.

என்ன மாயமோ, எழுந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், நான் எழுந்த அதே கல்லில் அவள் உட்கார்ந்திருந்தாள், ஆட்டத்தில் உட்கார்வதுபோல எனக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி. இரண்டு பேரும் சிரித்தோம். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. உட்கார்ந்தவள் மறுபடி எழுந்து ஓட வேண்டுமானால், ஓடிக்கொண்டிருப்பவள் வந்து அவள் முதுகில் தட்ட வேண்டும். நான் இத்தனை வருஷம் ஓடினேன். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அதனால் அவள் வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். வருவது வரட்டும். கேட்டவளே, உன் கண் நன்றாகத்தான் இருக்கிறது. இடமிருந்து ஏழாவதாக நிற்பவள் என் அத்தை மகள். அவள் பெயர் உங்கள் எல்லாருக்கும் தெரியும், படத்தின் கீழே சரியாக எழுதிவையுங்கள். நான் அந்தப் படத்தில் இல்லை. அதை எடுத்தபோது நான் மரத்தடியில் உங்கள் பன்னிரண்டு பேரின் செருப்புகளையும் காத்துக்கொண்டிருந்தேன்.